மாத்திரையை நிறுத்தலாமா? சீலியாக் நோய், செரடோனின், வாட்ஸ்அப் மாமா

பிறைக்காரி (பினாங்கு)
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கைக்கு அண்மையில் சீலியாக் நோய் என்று உறுதியாகிவிட்டது. கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் கெட்டுப்போகும் நோய் அது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனை, பிறகு குழாய் விட்டுச் சிறுகுடலில் சதை எடுத்துப் பார்த்தது, இரண்டும் ஒன்றையே சொல்லின. அதற்கு ரொம்ப முன்பிருந்தே மனச்சோர்வுக்கு செர்ட்ரலின் சாப்பிட்டு வருகிறாள். சோர்வு, வயிறு உப்புசம், ரத்தசோகை என்று பல கிளினிக் ஏறி இறங்கியாயிற்று. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், ஏறவேயில்லை. காற்று, கேஸ்ட்ரிக், படிக்கிற பிள்ளைக்கு ஸ்ட்ரெஸ் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கோதுமை பக்கம் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

வீட்டில் இப்போது பெரிய பஞ்சாயத்து. மாமா ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மனநிலையோடு சேர்த்துப் பேசப்படும் செரடோனின் என்ற வேதிப்பொருளைப் பற்றியது. "செரடோனின் 95 விழுக்காடு வயிற்றில்தான் ஊறுகிறது. கோதுமை வயிற்றைக் கெடுத்தது, செரடோனின் குறைந்தது, மனசு சோர்ந்தது. இனி ரொட்டி சானாயை விட்டால் போதும், அந்த மாத்திரை எதற்கு?" என்கிறார். அம்மாவும் அவர் பக்கம். தங்கைக்கே மாத்திரையை நிறுத்த ஆசைதான். எனக்குத்தான் பயமாக இருக்கிறது. இதில் எவ்வளவு உண்மை?

பத்துமலை_ராஜா
மாமா சொன்னதில் தப்பு என்ன? 95 விழுக்காடு குடலில் என்பது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. குடலை இரண்டாவது மூளை என்றே டாக்டர்கள் சொல்கிறார்கள். குடல் சரியானால் மனம் சரியாகும். என் நண்பன் கோதுமையை விட்டான், முகமே தெளிந்துவிட்டது.

மருந்துச்சீட்டு (கிள்ளான்)
பிறைக்காரி, முதலில் ஒன்று. தங்கை செர்ட்ரலினை இன்று இரவே நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல், தலைக்குள் மின்சாரம் அடிப்பது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். போன மனச்சோர்வு திரும்பியும் வரலாம். குறைப்பதென்றால் எழுதிக்கொடுத்த டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மற்றதைப் பிறகு பேசுவோம். மருந்தகத்தில் நிற்கிறேன், மாலை வருகிறேன்.

நுண்ணோக்கி (கோலாலம்பூர்)
மாமாவின் படத்தில் எண் ஏறக்குறைய சரி, அதிலிருந்து எடுத்த முடிவு தவறு.

உடலில் உள்ள செரடோனினில் 90 விழுக்காட்டுக்கு மேல் குடலில்தான் இருக்கிறது. குடல் சுவரில் என்டரோகுரோமாஃபின் என்ற செல்கள் அதைச் செய்கின்றன. குடல் அசைவதும், சுரப்பதும், குமட்டல் என்ற செய்தி மூளைக்குப் போவதும் அதன் வேலை. 1930களில் இத்தாலியின் விட்டோரியோ எர்ஸ்பாமர் இதைக் குடலில் கண்டு என்டெரமின் என்று பெயர் வைத்தார். 1948இல் அமெரிக்காவில் ராப்போர்ட், கிரீன், பேஜ் மூவரும் ரத்தத்திலிருந்து ஒரு பொருளைப் பிரித்து செரடோனின் என்றார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று பின்னால் தெரிந்தது. மூளையிலும் அது உண்டு என்று பெட்டி டுவாரோக் காட்டியது அதற்கும் பிறகு, 1950களில்.

முக்கியமான விஷயம் இதுதான்: குடலில் ஊறும் செரடோனின் மூளைக்குள் போகாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் உள்ள தடுப்பு அதை விடாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. செய்யும் நொதிகூட வேறு: குடலில் டிபிஹெச்1, மூளையில் டிபிஹெச்2. இரண்டாவது ஒன்று தனியாக இருப்பதே 2003இல்தான் தெரிந்தது. ரொட்டி சானாய்க் கடையில் மாவு மூட்டை மூட்டையாகக் கிடந்தாலும் நம் வீட்டு அடுப்பில் ரொட்டி வேகாது, அதே கதைதான்.

பத்துமலை_ராஜா
அப்படியானால் சீலியாக்குக்கும் மனசுக்கும் தொடர்பே இல்லை என்கிறீர்களா?

நுண்ணோக்கி
அவசரப்படாதீர்கள் அண்ணே. தொடர்பு உண்டு, படம் காட்டும் வழியில் இல்லை. இரவு விவரமாக எழுதுகிறேன்.

செந்தூல்_சித்தி
நானும் சீலியாக்காரிதான் ம்மா. பல வருஷம் ஆயிற்று. சாமி சத்தியமாகச் சொல்கிறேன், கண்டுபிடிப்பதற்கு முன்னால் எனக்கு இருந்த அழுகை, எரிச்சல், காலையில் எழுந்திருக்கவே மனசில்லாமல் கிடந்தது எல்லாம் கோதுமையை விட்ட பிறகு நிறையக் குறைந்தது. ஆனால் ஒரே மாதத்தில் இல்லை, ரொம்ப மெதுவாக.

உன் தங்கைக்கு விரத மாதத்தில் ரொம்ப முடியாமல் போகுமா? எனக்குப் புரட்டாசி வந்தாலே வயிறு கல்லாகிவிடும். சாமி குத்தம் என்றே நினைத்துப் பரிகாரம் எல்லாம் செய்தோம். பிறகு பார்த்தால், விரதத்துக்கென்று நாம் வாங்கும் சைவக் கோழி, சைவ ஆட்டிறைச்சி, சைவ மீன் இருக்கிறதே, அதில் நிறைய வகை குளூட்டனே. கோதுமை மாவைக் கழுவிக் கழுவி மாச்சத்தை எடுத்துவிட்டு மிஞ்சும் பசைதான் அது. மற்ற மாதத்தில் எப்போதோ ரொட்டி சாப்பிடுவேன், அந்த மாதத்தில் தினமும் மூன்று வேளை குளூட்டன் பிரட்டல்!

பிறைக்காரி
சித்தி!! தைப்பூச விரதத்தில்தான் அவளுக்கு மோசமாகப் போனது. தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்க வேண்டும் என்று நீண்ட விரதம். அம்மா தினமும் சைவக் கோழி வறுவல் செய்து கொடுத்தார். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஏன்_எதற்கு
ஒரு நிமிடம். தமிழர்களுக்கு இந்த நோய் உண்மையிலேயே வருமா? வெள்ளைக்காரன் நோய் என்றல்லவா படித்தேன். இப்போது ஆளாளுக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்பது பேஷன் ஆகிவிட்டது.

நுண்ணோக்கி
வரும். 2015இல் வெளியான மலேசிய ஆய்வு ஒன்றில் நலமாக இருந்த இளைஞர்கள் 562 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 1.25 விழுக்காட்டினரிடம் சீலியாக் எதிர்ப்பொருள் இருந்தது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூன்று பிரிவிலும் உண்டு. குடல் சதை எடுத்துப் பார்க்கவில்லை என்பதால் அத்தனை பேருக்கும் நோய் என்று சொல்ல முடியாது. ஆனால் வெள்ளைக்காரன் நோய் என்ற பேச்சு நிற்காது.

இன்னொன்றும் உண்டு, எனக்கு அதுதான் ரொம்ப சுவாரசியம். 2016இல் இந்திய ஆய்வு ஒன்று வந்தது. வடக்கே எதிர்ப்பொருள் 1.23 விழுக்காடு, தெற்கே 0.10. மரபணுதான் காரணம் என்று நினைப்போம். இல்லை, நோய்க்கு இடம் கொடுக்கும் ஹெச்எல்ஏ மரபணு வகைகள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு, 3 பேரில் 1 ஆளுக்கு மேல். வித்தியாசம் சாப்பாட்டில்: வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம். இப்போது நம் ஊரைப் பாருங்கள். காலையில் ரொட்டி சானாய் பசியாறல், மதியம் மீ கோரேங் (கோதுமை நூடுல்ஸ்), சாயங்காலம் பிஸ்கட்டும் தேத்தண்ணியும். தமிழ்நாட்டில் சோறும் கம்பும் தின்ற தாத்தாவின் மரபணுவோடு நாம் பஞ்சாபிக்காரர் அளவுக்குக் கோதுமை தின்கிறோமோ என்பது என் சந்தேகம். சந்தேகம் மட்டும்தான், யாரும் அளந்ததாக நான் பார்க்கவில்லை.

நெறியாளர்
"மூட் பூஸ்டர் 5ஹெச்டிபி, பினாங்கு முழுதும் டெலிவரி" என்று வந்த விளம்பரப் பதிவு நீக்கப்பட்டது. இங்கே விற்பனை கூடாது.

மருந்துச்சீட்டு
நெறியாளருக்கு நன்றி. அதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 5ஹெச்டிபி என்பது செரடோனினாக மாறுவதற்கு ஒரு படி முன்னால் உள்ள பொருள். தங்கை ஏற்கெனவே செர்ட்ரலின் சாப்பிடுகிறாள், அதுவும் செரடோனினைக் கூட்டும் மாத்திரைதான். இரண்டும் சேர்ந்தால் செரடோனின் அளவு மீறி, நடுக்கம், காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு, குழப்பம் என்று ஆளையே சாய்த்துவிடலாம். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை. "இயற்கைதானே" என்று யாராவது பாசத்தோடு வாங்கி வந்து கொடுப்பார்கள், அதனால் சொல்கிறேன்.

நுண்ணோக்கி
சரி, சொன்னபடி விவரத்துக்கு வருகிறேன்.

மூளை செரடோனினைச் செய்ய அதற்கு டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் வேண்டும். அதை உடல் தானே செய்யாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். சீலியாக் நோயில் குளூட்டனைப் பார்த்ததும் நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. உணவை உறிஞ்சும் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் மழுங்கித் தட்டையாகிவிடும். புரதம் நன்றாகச் செரிக்காது, டிரிப்டோபான் குறைவாகவே உள்ளே போகும். சிகிச்சை தொடங்காத சீலியாக் பிள்ளைகளின் ரத்தத்தில் அது குறைவாக இருப்பதை ஸ்பெயினில் 1990களின் தொடக்கத்திலேயே அளந்திருக்கிறார்கள்.

உள்ளே போன கொஞ்சமும் முழுதாக மூளைக்குக் கிடைக்காது. டிரிப்டோபானில் பெரும்பகுதி சாதாரண நாளிலேயே கைனுரெனின் என்ற வேறு பாதையில் போகிறது. சீலியாக் குடலில் இன்டர்ஃபெரான் காமா என்ற அழற்சிப் பொருள் நிறையச் சுரக்கும். அது ஐடிஓ என்ற நொதியை முடுக்கி இன்னும் அதிகமாக அந்தப் பக்கம் இழுத்துவிடும் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு வழி. அதோடு, டிரிப்டோபானை செரடோனினாக மாற்றும் முதல் நொதிக்கு இரும்பு வேண்டும், அடுத்த படிக்கு வைட்டமின் பி6 வேண்டும். உங்கள் தங்கைக்கு ஏறாத இரும்புச்சத்து நினைவிருக்கிறதா? இரும்பை உறிஞ்சும் சிறுகுடல் முன்பகுதியைத்தான் இந்த நோய் முதலில் பிடிக்கும்.

இப்போது வேடிக்கை. குடலில் செரடோனின் குறைந்துவிட்டது என்கிறார் மாமா. 2006இல் இங்கிலாந்தில் சிகிச்சை பெறாத சீலியாக் நோயாளிகளைச் சோதித்தபோது நேர்மாறாக இருந்தது. என்டரோகுரோமாஃபின் செல்கள் அதிகம், சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் செரடோனினும் அதிகம். அஜீரணத் தொல்லையும் அதோடு சேர்ந்தே கூடியது. ஆக, கீழே பெருக்கு, மேலே பஞ்சம்.

ஏன்_எதற்கு
மேலே பஞ்சம் என்பதற்கு யாராவது மூளையைத் திறந்தா பார்த்தார்கள்?

நுண்ணோக்கி
திறக்கவில்லை, முதுகுத்தண்டு நீரை எடுத்தார்கள். ஸ்வீடனின் கிளாஸ் ஹாலர்ட் 1980களின் தொடக்கத்தில் செய்த வேலை. சிகிச்சை பெறாத பெரியவர்களின் அந்த நீரில் செரடோனின் சிதைந்து வரும் பொருள் குறைவாக இருந்தது, மனச்சோர்வு அறிகுறியும் இருந்தது. குளூட்டன் இல்லாத உணவுக்குப் பிறகு அளவு ஏறியது. ஆனால் சிறிய குழு. அவரே 1983இல் இன்னொன்றும் எழுதினார்: சிலருக்குக் குடல் தேறியும் மனச்சோர்வு அப்படியே நின்றது, பி6 கொடுத்த பிறகு குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்து கொடுக்காத குழு இல்லை, அதனால் அதை வேதவாக்காக எடுக்கக் கூடாது.

மருந்துச்சீட்டு
பி6ஐ யாரும் டப்பாவாக வாங்கி விழுங்க வேண்டாம். அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால் நரம்பைக் கெடுக்கும், கைகால் மரத்துப்போகும். ரத்தம் பார்த்து, குறைவென்றால் டாக்டர் சொல்லும் அளவு.

ஏன்_எதற்கு
நான் விடுவதாக இல்லை. செரடோனின் குறைந்தால் மனச்சோர்வு என்பதே ஆட்டம் கண்டுவிட்டதே. 2022இல் லண்டனில் ஜோஅன்னா மான்கிரீஃப் என்ற மனநல மருத்துவரின் குழு பல ஆய்வுகளைத் தொகுத்து, அதற்கு நிலையான சான்று இல்லை என்று எழுதவில்லையா? அடித்தளமே இல்லாத வீட்டுக்கு நீங்கள் மாடி கட்டுகிறீர்கள்.

நுண்ணோக்கி
நல்ல கேள்வி, இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தொகுப்பு சொன்னது, மனச்சோர்வு வந்த எல்லாருக்கும் செரடோனின் குறைவு என்று காட்ட முடியவில்லை என்பது. எனக்கு அதில் பெரிய சண்டை இல்லை. மாத்திரை வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி, அதை அவர்கள் அந்தக் கட்டுரையில் ஆராயவில்லை.

சீலியாக் விஷயத்திலும் செரடோனினை ஒற்றைக் குற்றவாளியாக நிறுத்த முடியாது. ரத்தசோகை ஒன்றே மனிதனைச் சுருட்டிப் போடும். ஃபோலேட், பி12 குறையும். அழற்சி நேரடியாகவே சோர்வைத் தரும். சீலியாக் உள்ளவர்களோடு தைராய்டுக் கோளாறு அடிக்கடி கூட வரும், அதுவும் மனச்சோர்வு மாதிரியே தெரியும். பல வருடம் "உனக்கு ஒன்றுமில்லை" என்று கேட்டுக்கேட்டு நொந்துபோனதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வு சீலியாக் நோயாளிகளிடம் மற்றவர்களைவிட அதிகம் என்பது ஸ்வீடனின் பெரிய மருத்துவமனைப் பதிவேடுகளிலேயே தெரிகிறது. அதில் செரடோனினின் பங்கு எவ்வளவு என்பதுதான் இன்னும் முடியாத வழக்கு.

செந்தூல்_சித்தி
நொந்துபோவது என்றீர்களே தம்பி, கண்டுபிடித்த பிறகும் அது உண்டு. கல்யாண வீட்டில் எல்லாரும் வாழை இலையில் உட்கார்ந்து சாப்பிடும்போது நாம் மட்டும் டப்பாவைத் திறப்பது. "ஒருவாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்" என்று ஒவ்வொருவரும் கேட்பது. பதில் சொல்லி வாய் வலிக்கும். இது எந்த நொதியில் வரும் என்று எனக்குத் தெரியாது.

பத்துமலை_ராஜா
சரி, வாழைப்பழத்தில் செரடோனினே இருக்கிறதாம். அதையாவது சாப்பிடச் சொல்லலாமா?

நுண்ணோக்கி
தாராளமாகச் சாப்பிடலாம் அண்ணே, பசிக்கு. பழத்தில் செரடோனின் இருப்பது உண்மை, ஆனால் அதே தடுப்பில் அதுவும் நின்றுவிடும். முட்டை, பால், மீன், எள், கச்சான் (நிலக்கடலை) எல்லாவற்றிலும் டிரிப்டோபான் உண்டு. அதிலும் ஒரு சிக்கல்: புரதத்தில் வரும் மற்ற அமினோ அமிலங்களும் அதே வாசல் வழியாகத்தான் மூளைக்குள் போகப் பார்க்கும், கூட்டத்தில் டிரிப்டோபான் பின்னுக்குப் போய்விடும். அதனால் ஒரு பழம், ஒரு பொடி என்று தேடுவதில் பலன் இல்லை. குடல் தேறினால் சாதாரணச் சாப்பாடே போதும்.

பிறைக்காரி
எல்லாவற்றையும் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "கீழே பெருக்கு, மேலே பஞ்சம்" என்பதைக் கேட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்படியென்றால் கோதுமையை விட்டால் மேலே பஞ்சம் தீருமா இல்லையா, அதைச் சொல்லச் சொல்" என்றார்.

நுண்ணோக்கி
மாமா விவரமானவர்தான். தீரலாம். 2005இல் ஃபின்லாந்தில் சீலியாக் உள்ள பதின்ம வயதினரைப் பார்த்தார்கள். குளூட்டனை விட்ட 3 மாதத்தில் சிலரின் மனச்சோர்வு அறிகுறிகள் குறைந்தன. அவர்களுக்குத் தொடக்கத்தில் டிரிப்டோபான் விகிதம் குறைவாக இருந்தது. சின்ன ஆய்வு. எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது, சிலருக்குக் கண்டிப்பான உணவுக்குப் பிறகும் சோர்வு நிற்கிறது. பெரியவர்களுக்குக் குடலுறிஞ்சிகள் முழுதாக வளர வருடக்கணக்கில்கூட ஆகலாம். அதுவரை மாத்திரை தாங்கட்டும், தேறிய பிறகு டாக்டரோடு உட்கார்ந்து குறைப்பதைப் பேசலாம். இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது என்ன செய்தது என்று யாருக்கும் தெரியாது.

மருந்துச்சீட்டு
இதோடு சேர்த்து ஒன்று. செர்ட்ரலின் குடலிலும் செரடோனினைத் தொடும். தொடக்கத்தில் குமட்டல், வயிற்றுப்போக்கு வருவது அதனால்தான். தங்கைக்கு இனி வயிறு கலங்கினால், மாத்திரையா, சாப்பாட்டில் எங்கோ ஒளிந்திருந்த குளூட்டனா என்று குழப்பம் வரும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் சாப்பாடு, மாத்திரை நேரம், வயிறு, மனநிலை நான்கையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். டாக்டருக்கு ரொம்ப உதவும். மனநல டாக்டருக்கு சீலியாக் பற்றியும், குடல் டாக்டருக்கு செர்ட்ரலின் பற்றியும் தெரியுமா? நம் ஊரில் ஒரு கிளினிக் எழுதியது இன்னொன்றுக்குப் போகாது. நீங்கள்தான் தாளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மாத்திரையில் சேர்க்கும் மாச்சத்து எதிலிருந்து வருகிறது என்றும் மருந்தகத்தில் கேளுங்கள், பெரும்பாலும் சோளமாகத்தான் இருக்கும்.

ஏன்_எதற்கு
என் வீட்டுக்காரிக்கும் இதே மாதிரி சோர்வு, வயிறு. இதைப் படித்துவிட்டு நாளையிலிருந்து கோதுமையை நிறுத்திப் பார்க்கிறேன் என்கிறார்.

நுண்ணோக்கி
வேண்டாம், முதலில் சோதனை! டிடிஜி ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் சோதனையைக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும். நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள் இறங்கிவிடும், குடலும் ஆறத் தொடங்கும், நோய் இருந்தும் இல்லை என்று வரும். கூடவே ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் வகையின் மொத்த அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு அதுவே பிறவியில் குறைவு, அவர்களுக்கு இந்தச் சோதனை ஏமாற்றும்.

பிறைக்காரி, நீங்களும் எடுங்கள். உடன்பிறந்தவர், பெற்றோர், பிள்ளைகளில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவருக்கு இருக்கும். மாமாவையும் கூட்டிக்கொண்டு போனால் நல்லது.

பிறைக்காரி
அம்மாவுக்கும் எனக்கும் அடுத்த வாரம் ரத்தம் எடுக்கிறோம். மாத்திரை தொடர்கிறது, அம்மா ஒத்துக்கொண்டார், அரை மனதோடுதான். மாமா சோதனைக்கு வர மாட்டேன் என்கிறார், ஊசி பயம்.

கடைசியாக ஒரு சந்தேகம். வீட்டில் ரொட்டி, மீ, பிஸ்கட், மைலோ, ரவைக் கேசரி எல்லாம் ஒதுக்கியாயிற்று. தோசை, இட்லி, புட்டு, இடியாப்பம் என்று ஓடுகிறது. ஆனால் ரசம் சாப்பிட்டால் அவளுக்கு வயிறு உப்புகிறது. ரசத்தில் என்ன கோதுமை?

செந்தூல்_சித்தி
பெருங்காயம் ம்மா! கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலப்பார்கள். டப்பாவைத் திருப்பிப் பார், போட்டிருக்கும். அரிசி மாவில் செய்ததும் கிடைக்கிறது. சோயா கிச்சாப்பும் அப்படித்தான், கோதுமை போட்டுத்தான் ஊற வைப்பார்கள், அதை ஊற்றித்தான் குவேதியாவ் நூடுல்ஸைப் பிரட்டுவார்கள், அரிசிதானே என்று ஏமாறாதே. இடியாப்ப மாவு பொட்டலத்தையும் பார், சில கம்பெனி கலப்படம் பண்ணும். வீட்டிலேயே அரைத்தால் தொல்லையில்லை.

மருந்துச்சீட்டு
சித்தி சொன்னதோடு: பொட்டலத்தில் குளூட்டன் உள்ள தானியம் இருந்தால் எழுத வேண்டும் என்பது நம் ஊர் உணவு விதி. குளூட்டன் இல்லாதது என்று போட உலக அளவில் வைத்திருக்கும் எல்லை கிலோவுக்கு 20 மில்லிகிராம். மொத்தக் கடையில் பொட்டலம் பிரித்து அளந்து கொடுக்கும் மாவு, மசாலாவை மட்டும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஒரே கரண்டியை எல்லாச் சாக்கிலும் விடுவார்கள்.